மெயில் யார் பெயரில் போகிறது?

பாண்டிச்சேரியில் விடுதி நடத்தும் ஒருவருக்குப் போன மாதம் முந்திரிப்பருப்பு விலைப்பட்டியல் ஒன்று மெயிலில் போய்ச் சேர்ந்தது. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "அம்மா மொபைல்" என்றிருந்தது.

அனுப்பியது என் அண்ணி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டை ஒட்டிய கொட்டகையில், பண்ருட்டிப் பக்கம் இருந்து பருப்பு வாங்கித் தரம் பிரித்து, பாக்கெட் போட்டு, கடைகளுக்கும் விடுதிகளுக்கும் அனுப்புகிறார். போன் வாங்கிய அன்று மெயில் கணக்கு தொடங்கிக் கொடுத்தவன் என் அண்ணன் மகன். பெயர் கேட்ட இடத்தில் விளையாட்டாய் அப்படிப் போட்டுவிட்டான். விடுதிக்காரர் நல்ல மனுஷர். போன் செய்து, "இது உங்க மெயில்தானாம்மா?" என்று கேட்டார். கேட்காமலேயே தூக்கிப் போட்டவர்கள் எத்தனை பேரோ.

அண்ணிக்குக் கோபமும் குழப்பமும். "தம்பி, விசிட்டிங் கார்டுல 'ஆர்டர்'னு தொடங்குற கடை மெயில் ஐடிதான் போட்டிருக்கேன். வர்றதெல்லாம் ஒழுங்கா வந்துடுது. நான் அனுப்பினா மட்டும் ஏன் வேற பேர்ல போவுது?"

நல்ல கேள்வி. வருவதும் போவதும் ஒரே கதவு வழியாக நடப்பதில்லை என்பதுதான் பதில். அதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆயிற்று.

"என்கிற"

பழைய நிலப்பத்திரங்களில் பார்த்திருப்பீர்கள்: "கோவிந்தன் என்கிற கோபால்". செய்தித்தாளில் இடத்தை மிச்சம் பிடிக்க அதையே (எ) என்று சுருக்கிவிடுவார்கள். ஆள் ஒருவர், பெயர் இரண்டு. மெயிலில் ஏலியாஸ் என்பதும் இந்த "என்கிற"தான்.

பாண்டிச்சேரிக்காரர்களுக்கு இது இன்னும் சுலபம். வைசியாள் வீதி என்றாலும் கால்வே சுப்பராய செட்டி வீதி என்றாலும் ஒரே தெருதான். எந்தப் பெயரை எழுதினாலும் தபால்காரர் அதே வீட்டுத் திண்ணையில் கொண்டுவந்து போடுவார். கடலூரிலும் முதுநகர் என்று எழுதினால் என்ன, ஓ.டி. என்று எழுதினால் என்ன? கடிதம் போகும் இடம் ஒன்றுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டாவது பெயருக்கென்று தனி வீடு கிடையாது, தனிப் பூட்டு கிடையாது, தனிச் சாவியும் கிடையாது. அண்ணியின் கடையை எடுத்துக்கொள்வோம். வசதிக்காக முகவரிகளைத் தமிழிலேயே எழுதுகிறேன், உரிமையாளர்@கடை.இன் என்பது போல. (நிஜமாகவே தமிழில் மெயில் முகவரி வைத்துக்கொள்ள 2012 முதல் நெறிமுறை இருக்கிறது. ஆனால் எதிர்முனையில் மெயிலை வாங்கும் கணினியான சர்வரும் அதை ஏற்கும்படி இருக்க வேண்டும். வியாபாரத்துக்கு இப்போதைக்கு ஆங்கில எழுத்தே பாதுகாப்பு.) அந்த உரிமையாளர்@ தான் உண்மையான பெட்டி. கடவுச்சொல் அதற்குத்தான். ஆர்டர்@, கணக்கு@ என்ற மற்ற இரண்டும் ஏலியாஸ்கள். அவற்றுக்கு எழுதினாலும் மெயில் உரிமையாளர்@ பெட்டியில்தான் விழும்.

இது தெரியாமல் அண்ணி ஒரு காரியம் செய்திருந்தார். போனில் "புதிய கணக்கைச் சேர்" என்பதைத் தட்டி, ஆர்டர்@ முகவரியைக் கொடுத்து, தெரிந்த கடவுச்சொல்லையெல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறார். எதுவும் ஏறவில்லை. யாரோ கணக்கைத் திருடிவிட்டார்கள் என்று இரண்டு நாள் பயந்துகொண்டிருந்தாராம். திருட அங்கே ஒன்றுமே இல்லை. ஏலியாஸைத் தனிக் கணக்காகச் சேர்க்க நினைப்பது, பட்டப்பெயருக்குத் தனியாக ரேஷன் கார்டு கேட்பது மாதிரி.

ஏலியாஸோடு போட்டுக் குழப்பிக்கொள்ளும் வேறு சிலவும் உண்டு. ஃபார்வர்டிங் என்பது ஒரு பெட்டிக்கு வந்த மெயிலை இன்னொரு பெட்டிக்குத் திருப்பி விடுவது. அங்கே இரண்டு வீடு இருக்கிறது. பகிர்ந்த பெட்டி என்பது ஒரே பெட்டிக்குப் பலரிடம் சாவி இருப்பது. அண்ணியோடு இன்னொருவரும் ஆர்டர்களைப் பார்க்கிறார் என்றால் ஏலியாஸ் போதாது, பகிர்ந்த பெட்டிதான் சரி. நிறுவனங்கள் மெயிலுக்கு வாங்கும் சேவையான மைக்ரோசாஃப்ட் 365-இல் 50 ஜிபி வரை அதற்குத் தனி உரிமம் வாங்கத் தேவையில்லை. கூகுளில் இந்த வேலைக்கு குரூப்ஸ் இருக்கிறது. ஜிமெயில் முகவரியில் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு ஒரு சொல்லைச் சேர்க்கும் தந்திரமும் பலருக்குத் தெரியும். வரும் மெயிலைப் பிரித்து வைக்க அது உதவும். வியாபாரக் கடிதத்தில் கூட்டல் குறியோடு முகவரி போனால் பார்க்க நன்றாக இராது என்பது என் எண்ணம்.

ஆள் ஒருவர், வேலை மூன்று என்றால் ஏலியாஸே போதும். நிறுவனங்களுக்கான கூகுள் சேவையான வொர்க்ஸ்பேஸில் ஒரு பயனருக்கு 30 ஏலியாஸ் வரை கூடுதல் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். மைக்ரோசாஃப்டில் 400 வரை போகலாம். அத்தனை பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்வார் என்று கேட்காதீர்கள்.

உறையும் கடிதத்தாளும்

இனிதான் விஷயமே. வருவது ஏன் சுலபம்? ஆர்டர்@ என்று யாராவது எழுதினால், கடை.இன் டொமைனின் (@ குறிக்குப் பின்னால் வரும் பெயர்தான் டொமைன்) மெயிலைக் கவனிக்கும் சர்வர் தன் பட்டியலைப் பார்க்கிறது, "ஓ, இது உரிமையாளர் என்கிற ஆர்டர்" என்று சொல்லிப் பெட்டியில் போட்டுவிடுகிறது. போனுக்கு அதில் வேலையே இல்லை. எந்த ஆப் வைத்திருந்தாலும் மெயில் வந்து சேரும்.

அனுப்பும்போது கதை வேறு. ஒரு தபாலை நினைத்துக்கொள்ளுங்கள். உறையின் மேல் ஓர் அனுப்புநர் முகவரி இருக்கும். உள்ளே கடிதத்தாளின் தலையில் கடைப் பெயர் அச்சிட்டிருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று தபால்நிலையத்தில் யாரும் கேட்பதில்லை. மெயிலும் இப்படித்தான் கட்டப்பட்டது. சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ளும்போது ஓர் அனுப்புநர் முகவரியைச் சொல்லிக்கொள்ளும். அது உறை. நம் திரையில் "ஃப்ரம்" என்று தெரிவது வேறொரு வரி. அது கடிதத்தாள். மெயில் போய்ச் சேராமல் திரும்பினால் உறை மேல் இருக்கும் முகவரிக்குத்தான் திரும்பும். படிப்பவர் கண்ணில் படுவதோ கடிதத்தாளில் உள்ளது மட்டும்.

சர்வர்கள் மெயிலைக் கைமாற்றிக்கொள்ளும் எஸ்எம்டிபி நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் எழுதி வெளியிட்டார். அன்றைக்கு வலையில் இருந்த கணினிகள் கொஞ்சம்தான். பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக்கூடங்களும் ஒன்றையொன்று நம்பின. கடிதத்தாளில் யார் எந்தப் பெயரை எழுதினாலும் தட்டிக்கேட்க ஆள் இல்லை. அந்த நம்பிக்கையில்தான் பிற்பாடு குப்பை மெயில்காரர்கள் குளிர்காய்ந்தார்கள். வங்கியின் பெயரில் மெயில் அனுப்பி ஏமாற்றுவது அவ்வளவு எளிதாக இருந்ததற்கு மூலகாரணம் இதுவே.

ஆகவே சோதனைச்சாவடி வந்தது. பாண்டியிலிருந்து கடலூருக்குள் நுழையும்போது ஆல்பேட்டையில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்களே, அதே மாதிரி. அங்கே தேடுவது பாட்டில், இங்கே தேடுவது பொய்ப் பெயர். மெயில் சாவடியில் மூன்று வேலை நடக்கிறது.

ஒன்று, எஸ்பிஎஃப். டொமைனின் சொந்தக்காரர் "என் பெயரில் சரக்கு ஏற்ற இந்த லாரிகளுக்கு மட்டும்தான் அனுமதி" என்று ஒரு பட்டியலைப் பொதுவில் ஒட்டி வைக்கிறார். மெயிலைப் பெறும் சர்வர், வந்த லாரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கிறது. இதில் ஒரு நுணுக்கம், எஸ்பிஎஃப் பார்ப்பது உறை மேல் உள்ள முகவரியைத்தான். அடுத்து டிகேஐஎம். இது மூட்டையின் வாயில் வைக்கும் அரக்கு முத்திரை. வழியில் யாராவது உள்ளே இருப்பதை மாற்றினால் முத்திரை உடைந்தது தெரிந்துவிடும், யார் முத்திரை என்பதும் தெரியும். மூன்றாவது டிமார்க். உறையிலோ முத்திரையிலோ தேறிய பெயர் கடிதத்தாளில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா என்று இது பார்க்கிறது. ஒத்துப்போகாவிட்டால் விட்டுவிடுவதா, ஓரங்கட்டி ஸ்பாமில் போடுவதா, திருப்பி அனுப்புவதா என்று டொமைன்காரரே முன்கூட்டிச் சொல்லி வைக்கலாம்.

சிறிய கடைக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் கெடுபிடியைக் கூட்டின. ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் மூன்றையும் வைத்திருக்க வேண்டும். மற்றவர்களும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். அண்ணி ஒரு நாளில் அனுப்புவது பத்து மெயில் இருக்கலாம். அந்தப் பத்துக்கும் சாவடி உண்டு.

இப்போது ஏலியாஸுக்கு வருவோம். கடை.இன் பெயர் போட்ட கடிதம், கடை.இன்னின் பட்டியலில் இருக்கும் லாரியில்தான் ஏற வேண்டும். போனில் இருக்கும் ஏதோ ஒரு தனிப்பட்ட கணக்கைத் திறந்து, கடிதத்தாளில் மட்டும் ஆர்டர்@ என்று மாற்றிப் போட்டால், லாரி வேறு, பெயர் வேறு. அப்படிப் போகும் மெயில் சில இடங்களில் "இன்னார் சார்பில்" என்ற ஒட்டோடு தெரியும். ஜிமெயிலில் பெயருக்குப் பக்கத்தில் "வழியாக" என்று ஒரு டொமைன் தொற்றிக்கொள்ளும். சில இடங்களில் போய்ச் சேரவே சேராது.

சர்வர், ஆப், விரல்

ஏலியாஸ் பெயரில் மெயில் போக மூன்று பேர் சம்மதிக்க வேண்டும் என்று அண்ணியிடம் சொன்னேன். சர்வர் அனுமதிக்க வேண்டும். ஆப்புக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் விரல் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் இரண்டை ஒருமுறை செய்தால் போதும். மூன்றாவதை ஒவ்வொரு மெயிலுக்கும் செய்ய வேண்டும், தவறுவதும் அங்கேதான்.

அண்ணியின் கடை டொமைன் கூகுள் வொர்க்ஸ்பேஸில் இருக்கிறது. அதற்கான நிர்வாகப் பக்கத்தில் பயனரின் கணக்குக்கு ஏலியாஸைச் சேர்க்க வேண்டும். அது முழுதாக அமலுக்கு வர 24 மணி நேரம் வரை ஆகலாம். ஆர்டர்@ முகவரிக்கு ஏற்கெனவே மெயில் வந்துகொண்டிருந்ததால் அந்த வேலை முடிந்திருந்தது.

அடுத்தது ஆப்புக்குப் பெயரைச் சொல்லிக்கொடுப்பது. இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஜிமெயில் ஆப்பின் அமைப்புகளில் எவ்வளவு தேடினாலும் இதற்கு இடம் கிடைக்காது. கணினியில் உலாவியைத் திறந்து, ஜிமெயிலுக்குள் போய், பல்சக்கரக் குறியைத் தட்டி, எல்லா அமைப்புகளையும் பார்க்கும் பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே "அக்கவுண்ட்ஸ்" என்ற பகுதியில் "சென்ட் மெயில் ஆஸ்" என்று ஒரு வரி இருக்கும். அதில் புதிய முகவரியைச் சேர்த்து, அந்த முகவரிக்கு எந்தப் பெயர் தெரிய வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். உறுதிசெய்யச் சொல்லி மெயில் வந்தால் பதற வேண்டாம், அதுவும் அதே பெட்டிக்குத்தான் வரும். "ஏலியாஸாக நடத்து" என்று ஒரு கட்டம் இருக்கும். இரண்டும் நீங்களே என்றால் டிக் இருக்கட்டும். முதலாளிக்காக உதவியாளர் அனுப்புவது போல இன்னொருவர் சார்பில் அனுப்பினால் மட்டும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

தனிப்பட்ட ஜிமெயிலில் வெளி டொமைன் முகவரியைச் சேர்க்க நினைத்தால் அந்த டொமைனின் எஸ்எம்டிபி சர்வர் பெயர், பயனர்பெயர், கடவுச்சொல் எல்லாம் கேட்கும். போர்ட் எண் 587 அல்லது 465. சரியான லாரியில் ஏற்றச் சொல்லித்தான் அது இத்தனையும் கேட்கிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

இதைக் கணினியில் ஒருமுறை செய்து முடித்தால் போனில் தானாக வந்துவிடும். மெயில் எழுதத் தொடங்கியதும் மேலே "ஃப்ரம்" வரியின் ஓரத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும். தட்டினால் பெயர்கள் விரியும். அண்ணி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளா இது இங்கதான் இருந்துச்சா?" என்றார். அம்பு இருந்தது அண்ணி, அதில் ஆர்டர்@ பெயர்தான் இல்லை.

அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு வேறு கதை. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை மைக்ரோசாஃப்ட் 365-இல் ஏலியாஸில் மெயில் வாங்கலாம், அனுப்ப முடியாது. நீங்கள் ஏலியாஸைப் போட்டு அனுப்பினாலும் சர்வர் அதை முதன்மை முகவரியாக மாற்றிவிடும். இப்போது அனுப்ப முடிகிறது. ஆனால் நிறுவனத்தின் நிர்வாகி, மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சின் அமைப்பில் அதைத் திறந்துவிட வேண்டும். அவர் திறக்காத வரை போனில் எதைத் தட்டினாலும் பயனில்லை. உங்கள் அலுவலகம் இதைப் பயன்படுத்துகிறது என்றால் ஆப்போடு மல்லுக்கட்டாமல் முதலில் ஐடி ஆளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஐபோனின் சொந்த மெயில் ஆப்பில், ஐமேப் வகைக் கணக்கு (மெயிலைச் சர்வரிலேயே வைத்து ஆப்பில் காட்டும் வகை) என்றால், போனிலேயே முடிகிறது. அமைப்புகளில் மெயில் கணக்கைத் திறந்து, மின்னஞ்சல் என்ற வரியைத் தட்டினால் இன்னொரு முகவரியைச் சேர்க்க இடம் இருக்கும். எழுதும்போது சிசி, பிசிசி என்று ஒரு வரி மடங்கிக் கிடக்குமே, அதைத் தட்டினால்தான் அனுப்புநர் வரி வெளியே வரும். ஐகிளவுட் முகவரிக்கு மூன்று ஏலியாஸ் வரை வைத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டில் தண்டர்பேர்ட் ஆப்பும் இருக்கிறது. கே-9 மெயில் என்ற பழைய ஆப்பின் வழிவந்தது, இந்தப் பெயரில் 2024 அக்டோபரில் வெளியானது. ஒரே கணக்குக்குள் எத்தனை "ஐடென்டிட்டி" (அனுப்புநர் பெயரும் முகவரியும்) வேண்டுமானாலும் போனிலேயே அமைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றுக்கும் தனிக் கையொப்பத்தோடு. ஏலியாஸ் அதிகம் பயன்படுத்துகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஒரு எச்சரிக்கை: இப்படிப் போனிலேயே சேர்க்கும்போது ஆப் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை, கடிதத்தாளை அச்சடித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். சர்வர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் மெயில் அங்கே நின்றுவிடும்.

பதில் எழுதும்போது

புதிதாக எழுதும்போது "யார் பெயரில்" என்று யோசிக்கிறோம். பதில் எழுதும்போது யோசிப்பதில்லை. இது நானே பட்டது. தினமும் கடலூரிலிருந்து பாண்டிக்குப் பஸ்ஸில் போய்வரும் ஆள் நான். ஒரு நாள் கன்னியக்கோயில் தாண்டும்போது நின்றுகொண்டே, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, அலுவலகத்தின் கணக்குப் பிரிவு ஏலியாஸுக்கு வந்த ஒரு பில் விசாரணைக்குப் பதில் தட்டினேன். அது என் சொந்தப் பெயர் முகவரியிலிருந்து போய்விட்டது. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அவர்களுடைய ஆப் என் முகவரியை நினைவில் வைத்துக்கொண்டது. அடுத்தடுத்த பில்லெல்லாம் எனக்கே வர ஆரம்பித்தது. நான் விடுப்பில் இருந்த வாரம் வந்த ஒன்றை யாரும் பார்க்கவில்லை.

ஜிமெயிலில், நான் முன்பு சொன்ன அதே "அக்கவுண்ட்ஸ்" பக்கத்தில், "எந்த முகவரிக்கு வந்ததோ அதே முகவரியிலிருந்து பதில் அனுப்பு" என்று ஒரு தேர்வு இருக்கிறது. நாமாக மாற்றாவிட்டால் எப்போதும் முதன்மை முகவரியிலிருந்தே பதில் போகும். ஏலியாஸ் வைத்திருக்கும் எல்லோரும் முதலில் இதைத்தான் மாற்ற வேண்டும். தண்டர்பேர்ட் சொல்லாமலேயே, வந்த முகவரிக்குப் பொருந்தும் ஐடென்டிட்டியை எடுத்துக்கொள்ளும். ஆனால் உங்களுக்கு பிசிசியில், அதாவது மற்றவர் கண்ணில் படாத நகலாக, வந்த மெயில் என்றால், "டு" வரியில் ஏலியாஸே இராது. எந்தப் பெயருக்கு வந்தது என்று ஆப்புக்குத் தெரியாமல் முதன்மைக்குத் தாவிவிடலாம்.

"அம்மா மொபைல்" எப்படிப் போயிற்று என்பதும் இதற்குள் தெரிந்துவிட்டது. அண்ணி விலைப்பட்டியல் பிடிஎஃப்பைத் திறந்து, பகிர் குறியைத் தட்டி, ஜிமெயிலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஆப் அவருடைய தனிக்கணக்கோடு திறந்துகொண்டது. ஏலியாஸ் தவறுவதற்கு முன்பே கணக்கே மாறிவிட்டது. இதற்கு என்னிடம் தந்திரம் எதுவும் இல்லை. அனுப்பும் முன் "ஃப்ரம்" வரியைப் பார்க்கத்தான் வேண்டும். இரண்டு கணக்கின் படத்தையும் வேறுவேறாக வைத்தோம். கடைக் கணக்குக்கு முந்திரிக்கொட்டைப் படம், வீட்டுக் கணக்குக்குப் பேரக்குழந்தை படம். கண்ணுக்கு உடனே தெரிகிறது.

முகமூடி அல்ல

ஏலியாஸ் வைத்தால் யார் என்று தெரியாது என்று சிலர் நினைக்கிறார்கள். மெயிலின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத தலைப்பு வரிகள் நிறைய உண்டு. முதன்மை முகவரி அவற்றில் எங்காவது எட்டிப் பார்க்கலாம். அதைவிட, மெயிலுக்கு வெளியேதான் அடிக்கடி அம்பலமாகிறது. ஆர்டர்@ பெயரில் பேசிக்கொண்டே இருந்துவிட்டு கேலண்டரில் சந்திப்பு அழைப்பு அனுப்பினால் அது கணக்கின் முதன்மை முகவரியில் போகும். டிரைவில் ஒரு கோப்பைப் பகிர்ந்தாலும் அப்படியே. மறைப்பதற்கு எதுவும் இல்லாதவரை இதில் நஷ்டமில்லை. வாடிக்கையாளர் குழம்பக்கூடாது என்றால் மட்டும் முதன்மை முகவரியையும் பார்க்க அழகான பெயராக வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பார்த்தோம். ஏலியாஸிலிருந்து உங்களுக்கே அனுப்பிப் பார்ப்பது சோதனை ஆகாது, வேறொரு நிறுவனத்தில் இருக்கும் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். அண்ணி ஆர்டர்@ பெயரில் என் ஜிமெயிலுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுப் பையனின் அவுட்லுக் முகவரிக்கு ஒன்று அனுப்பினார். வந்து சேர்ந்த இடத்தில் பார்க்க வேண்டியது பெயர், முகவரி, பக்கத்தில் "வழியாக" என்று ஏதாவது தொற்றிக்கொண்டிருக்கிறதா என்பது. ஸ்பாமில் விழுந்ததா என்றும் பார்க்க வேண்டும். பிறகு அங்கிருந்து பதில் அனுப்பி, அது ஆர்டர்@ முகவரிக்கே திரும்புகிறதா என்றும் பார்த்தோம். ஜிமெயிலைக் கணினியில் திறந்து, மெயிலின் மூன்று புள்ளியைத் தட்டி "மூலத்தைக் காட்டு" என்றால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் தேறியதா என்று மேலேயே எழுதியிருக்கும். மூன்றுக்கும் "பாஸ்" என்றிருந்தது.

பெயர் சரி, முகவரி சரி, முத்திரை சரி. அண்ணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. பையன்தான் தன் போனில் மெயிலைக் கடைசி வரை தள்ளிப் பார்த்துவிட்டு, "அத்தை, அடியில என்னமோ இருக்கே" என்றான். ஜிமெயில் ஆப்பில் மொபைல் கையொப்பம் என்று தனியாக ஒன்று உண்டு. அது கணக்குக்கு ஒன்றுதான், ஏலியாஸுக்கு ஏலியாஸ் மாறாது. அண்ணன் மகன் கடைக் கணக்கிலும் கைவரிசையைக் காட்டியிருந்தான். "அம்மா மொபைலிலிருந்து அனுப்பப்பட்டது."

அதை அழித்துவிட்டு, கடைப் பெயரும் போன் நம்பரும் மட்டும் எழுதி வைத்தோம்.